ஃபார்வர்டில் ஓ, ரிவர்ஸில் தகராறு

ரத்த வங்கியில் குரூப் பார்ப்பது சில நிமிட வேலை. செல் (சிவப்பணு) ஒன்று சொல்லி, சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) வேறு சொல்லும் சாம்பிள்தான் நேரத்தைத் தின்னும்.

ஃபார்வர்டு என்றால் செல்லின் மேலுள்ள குறியை, அதாவது ஆன்டிஜெனைப் பார்ப்பது. அதற்கு நோயாளியின் செல்லைச் சலைனில் கழுவி 5 சதவீதமாகக் கலக்கிக்கொள்வோம். நீல ஆன்டி-ஏ, மஞ்சள் ஆன்டி-பி, நிறமில்லாத ஆன்டி-டி, ஒவ்வொன்றோடும் ஒரு சொட்டு செல். அந்தந்த ஆன்டிஜென் இருந்தால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டும். சென்ட்ரிஃப்யூஜில் 1,000 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம். குழாயை மெல்லச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். உதறினால் 1+ என்ற லேசான ஒட்டல் கலைந்து நெகட்டிவ் மாதிரி ஆகிவிடும். செல் உடைந்து மேல் திரவம் சிவந்திருந்தால் அதுவும் பாசிட்டிவ்தான்.

ரிவர்ஸ் என்றால் சீரத்திலுள்ள ஆன்டிபாடியைப் பார்ப்பது. அதற்குக் குரூப் தெரிந்த ஏ, பி, ஓ செல்லுக்கு மூன்று குழாய்கள், நோயாளியின் சீரம் இரண்டிரண்டு சொட்டு. சீரத்தை முதலில் விடுங்கள். செல்லை முதலில் விட்டால், எந்தக் குழாயில் சீரம் விட்டுப்போனது என்று கண்ணுக்குத் தெரியாது. ஓ செல் குழாயை மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. அந்த மிச்சம் வேண்டாம். ஏ, பி இரண்டுமே இல்லாத அந்தச் செல் ஒட்டவே கூடாது.

ஒட்டினால்? சீரத்தை எடுத்துவிட்டு இரண்டு சொட்டு சலைன் விடுவோம். புரதம் கூடியதால் நாணயம் அடுக்கினாற்போலச் சேர்ந்த செல்லாக இருந்தால் பிரிந்துவிடும். குளிர் ஆன்டிபாடி என்றால் 37 டிகிரியில் அடங்கும். நோயாளியின் சொந்தச் செல்லும் பெரும்பாலும் ஒட்டியிருக்கும். இரண்டும் இல்லை, எந்த ஓ செல் வைத்தாலும் 4+ என்ற வலுவான ஒட்டல், சொந்தச் செல் மட்டும் ஒட்டவில்லை என்றால் பாம்பே குரூப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

1952இல் பெண்டே குழுவினர் பம்பாயில் கண்டறிந்தது இது. ஏ, பி ஆன்டிஜென்கள் ஹெச் என்ற அடித்தளத்தின்மேல்தான் உருவாகும். இவர்களுக்கு அந்த ஹெச்சே இல்லை. அதனால் ஃபார்வர்டில் ஓ போலவே தெரிவார்கள். சீரத்திலோ ஆன்டி-ஹெச் இருக்கும். ஓ செல்லில் ஹெச் ஏராளம். ஆன்டி-ஹெச் உடல் சூட்டிலேயே அந்தச் செல்லை உடைத்துவிடும் என்பதால் ‘எல்லோருக்கும் ஆகும்’ ஓ நெகட்டிவ்கூட இவர்களுக்கு ஆகாது. ஸ்லைடில் செல்லை மட்டும் பார்த்து எழுதிய கார்டை நாங்கள் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

உறுதி செய்ய ஆன்டி-ஹெச் லெக்டின் (ஹெச் உள்ள செல்லை ஒட்டவைக்கும் புரதம்): சாதாரண ஓ செல் நன்றாக ஒட்டும், நோயாளியின் செல் ஒட்டாது. பிறகு பாம்பே குரூப் கொடையாளரைத் தேட வேண்டியதுதான். உடன்பிறந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள், பெரும்பாலும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால், உடல்நிலை இடம் கொடுத்தால், நோயாளியின் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைக்கலாம்.