கீசருக்கு எத்தனை டிகிரி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜூலைக் குளிர் வந்தாலே ஒரே பேச்சுதான், கரண்ட் பில். உடனே யாராவது, “கீசரை 45க்கு இறக்கிவிடுங்க அக்கா” என்பார்கள். வேண்டாம்! நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 டிகிரி வரையான வெதுவெதுப்பில்தான் செழித்து வளரும், 60இல் பிழைக்காது. அதற்காக 70க்கு ஏற்றினால் மின்சாரமும் வீண், கையும் வெந்துபோகும். 60 போதும். அதுவே சில நொடிகளில் சுட்டுவிடும், அதனால் பிள்ளைகளுக்குப் பச்சைத் தண்ணீரை முதலில் திறந்துவிட்டு, அப்புறம் சுடுதண்ணீர்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கீசரின் மூடிக்குள் இருக்கும். வீட்டின் மெயின் கரண்ட் போர்டில் கீசர் சுவிட்சை அணைத்த பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். உள்ளே ஒரு சின்னத் திருகு, சுற்றிலும் எண்கள். ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திருப்பினால் சரி.

எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டில் கீசர் கூரைக்குள். யார் ஏறுவது என்பதில்தான் இப்போது சண்டை.