ஏஜென்ட்டும் கமிட் வரலாறும்

நிரல் களஞ்சியத்தின் கமிட் (பதிவுசெய்யப்பட்ட மாற்றம்) வரலாற்றைப் பட்டியலிடும் கருவியை ஏஐ ஏஜென்ட் (கருவிகளைத் தானே இயக்கி வேலை செய்யும் செயற்கை நுண்ணறிவு நிரல்) அழைக்கும்போது, அதற்குக் கிடைப்பது முழு வரலாறு அன்று, ஒரு பக்கம் மட்டுமே. நிரல் களஞ்சியங்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பின் ஏபிஐ (பிற நிரல்கள் அதனிடம் தரவு கேட்கும் இடைமுகம்) இயல்பாகப் பக்கத்துக்கு 30 கமிட்டுகளையும், கேட்டால் அதிகபட்சம் 100 கமிட்டுகளையும் தருகிறது. அடுத்த பக்கத்தைக் கேட்பது ஏஜென்ட்டின் பொறுப்பு. கிளையின் (ஒரே களஞ்சியத்துக்குள் தனித்து வளரும் மாற்றங்களின் தொடர்) பெயரைக் குறிப்பிடாவிட்டால் இயல்புக் கிளையின் கமிட்டுகளே வரும் என்பதால், வேறொரு கிளையில் நடந்த திருத்தத்தைத் தேடும் ஏஜென்ட், "அப்படி எதுவும் இல்லை" என்று துணிந்து சொல்லிவிடக்கூடும். ஆகவே கிளை, கோப்பின் பாதை, தேதி வரம்பு ஆகியவற்றைச் சேர்த்தே கேட்கும்படி நான் அறிவுறுத்துகிறேன். பட்டியலில் ஹேஷ் (கமிட்டின் அடையாளக் குறியீடு), எழுதியவர், தேதி, மாற்றத்தை விளக்கும் செய்தி ஆகியவை இருக்கும். மாறிய வரிகள் இரா. அவை தேவையெனில் (செய்தியில் "பிக்ஸ்" என்று மட்டும் இருந்தால் தேவைப்படத்தான் செய்யும்) அந்த ஒரு கமிட்டை மட்டும் தனியே எடுப்பதே சிக்கனம்.