ரிசர்வாயர் ஹில்ஸில் இரண்டு வயசாளிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா நடக்கமாட்டார்கள். பால் வாங்கக் கார், கோயிலுக்குக் கார், அடுத்த தெருவில் இருக்கும் அத்தை வீட்டுக்கும் கார். நடந்து போகிறவர்கள் இரண்டே வகை. மினிபஸ் டாக்ஸியிலிருந்து இறங்கி மேடேறி வேலைக்கு வருகிறவர்கள் ஒன்று, நாயைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் இன்னொன்று. பாளையங்கோட்டையில் சாயங்காலமானால் காலார நடந்தே பழகிய எனக்கு, வந்த புதிதில் வீட்டு மதிலும் அதன் மேல் ஓடும் மின்கம்பியும்தான் ஊர். தெரு என்று ஒன்று எனக்குக் கிடைத்தது நாய்கள் கைக்கு வந்த பிறகுதான். அதுவும் வயசான நாய்கள்.

2022 ஏப்ரல் வெள்ளம் ஊரைப் புரட்டிப்போட்டு சில மாதம் கழித்து வந்தோம். கணவருக்குப் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் ஆராய்ச்சி வேலை. ரிசர்வாயர் ஹில்ஸில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்குப் பிடித்தோம். மேலே வீட்டுக்கார ஆன்ட்டி. 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததில் தொடங்கி 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்தார்களே, அந்த ஒப்பந்தக் கூலிகளில் ஒருவரின் கொள்ளுப்பேத்தி. அவருக்குக் கோயில் பாட்டெல்லாம் மனப்பாடம், ஆனால் தமிழில் நான் ஒரு கேள்வி கேட்டால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். நாய்களிடம் மட்டும் தமிழ். ‘வா’, ‘இரு’, ‘போதும்’, ‘வெளிய போ’. அவருடைய ஆயா வளர்த்த நாய்களுக்குச் சொன்ன அதே சொற்களாம். முதல் நாள் நான் பெட்டியை இறக்கும்போது கேட்டுக்குள் நின்று குரைத்த கறுப்பு லாப்ரடாரைப் பார்த்து, ஊர் வழக்கத்தில் ‘ஏய், இரு’ என்று அதட்டினேன். உடனே உட்கார்ந்துவிட்டது. இந்த நாட்டில் என் பேச்சை முதலில் கேட்டவன் புரூனோ.

புரூனோவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. மஞ்சள் நிற ஹனிக்குப் பதினொன்று. ஆன்ட்டியின் பிள்ளைகள் இருவரும் ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறார்கள், 2024இல் அம்மாவையும் அழைத்துக்கொண்டார்கள். நாய்களைக் கொண்டுபோக வழியில்லாமல் இல்லை. ரேபிஸ் ஊசி, அதற்கு ரத்தப் பரிசோதனை, பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு, அங்கே இறங்கியதும் தனிமைக் காப்பகம். லாப்ரடாரின் ஆயுளே சராசரி பன்னிரண்டு வருஷம்தான். அந்த வயசில் மாதக்கணக்கு என்பது ஆயுள்கணக்கு. “வீடு விக்கிறவரைக்கும் நீ பாத்துக்கோ, மா” என்று சாவியைக் கொடுத்தார். வீடு இன்னும் விற்கவில்லை. என் அம்மா போனில், “நாய்க்குச் சேவகம் பண்ணவாட்டி பிளேன் ஏறிப் போனே?” என்றாள்.

எங்கள் வீட்டில் நாய் வாசற்படி தாண்டியதில்லை. தாத்தா வைத்திருந்த சிப்பிப்பாறைகூடத் தொழுவத்தோடு சரி. இங்கே ஹனி என் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கிறாள், குறட்டை வேறு. சாமி அறைக்குள் மட்டும் வரமாட்டாள். ஆன்ட்டி பழக்கியது, நிலைப்படியில் முன்னங்காலை வைத்துப் படுத்துக்கொண்டு பூஜை முடியக் காத்திருப்பாள். பக்தியெல்லாம் கிடையாது, தேங்காய்ச் சில்லு வரும்.

லாப்ரடாருக்குப் பசி அடங்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் ஒரு பகுதி அவற்றின் ரத்தத்திலேயே இருக்கிறதாம். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள், ஏறத்தாழ நாலில் ஒரு லாப்ரடாருக்கு ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். புரூனோ அந்த நாலில் ஒன்று என்று பரிசோதிக்காமலே சொல்வேன். முற்றத்து அவகாடோ மரத்தடியில் பழம் விழும் சத்தத்துக்கு எழுந்து ஓடுவான், அப்போது மட்டும் மூட்டுவலி மறந்துபோகும். என் கைக்கு வரும்போது 38 கிலோ. மருத்துவர் தராசைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் கால் பங்கு தீனியைக் குறைத்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வைச் சொன்னார். குறைவாகத் தின்றவை கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கூடுதலாக இருந்தனவாம், மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனதாம். அன்றிலிருந்து அளவுக் கப். இப்போது 33. இடுப்பு கொஞ்சம் தெரிகிறது. படியிறங்கும்போது முனகுவதில்லை. இதை ஆன்ட்டியிடம் சொன்னால், “பிள்ளையைப் பட்டினி போடுறியா?” என்கிறார்.

பருவத்தைத் தலைகீழாகப் படிக்கவும் இவர்கள்தான் வாத்தியார். இங்கே மார்கழி நடுக்கோடை. நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், அதற்கு முன்பே ஹடீடா பறவைகள் கூரைமேல் கத்தித் தெருவை எழுப்பிவிடும். புரூனோவுக்குத் தொண்டையில் குரல்வளை சரியாக விரிவதில்லை. பெரிய லாப்ரடார்களுக்கு வயசானால் வருவதுதான். குரைப்பு கரகரத்துப் போய், மூச்சு இழுக்கும்போது ரம்பம் அறுக்கிற மாதிரி ஒலி வரும். நாய்க்கு வியர்வையால் உடம்பு குளிராது, மூச்சால்தான் குளிர வேண்டும். அந்த வழியே குறுகினால் பிப்ரவரிப் புழுக்கம் உயிருக்கே உலை. அதனால் கழுத்துப்பட்டை கிடையாது, மார்போடு சேர்த்துக் கட்டும் வார்தான். நடை விடியுமுன்னே முடிந்துவிட வேண்டும். 2023இல் லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது, கரண்ட் போனால் ஆன்ட்டி ஈரத் துண்டை சிமெண்ட் தரையில் விரித்து அவனைப் படுக்கவைப்பார். ஆடி மாசம்தான் சுகம். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது எல்லாரும் ஸ்வெட்டரில் நிற்பார்கள், இவர்களும் அப்போது இரண்டு வயசு குறைந்து நடப்பார்கள்.

நடையில் நான் எதிர்பாராத ஒன்று, எதிரே வருகிறவர்களின் கால்கள். இருட்டு பிரியாத நேரத்தில் டாக்ஸியிலிருந்து இறங்கி வரும் ஜூலு மக்கள், தூரத்தில் புரூனோவைக் கண்டதும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். முதலில் நாய்ப் பயம் என்று மட்டும் நினைத்தேன். இந்த நாட்டில் நிறவெறி ஆட்சியின்போது போலீஸ் நாய் யார் மேல் ஏவப்பட்டது என்பது பலருக்கு நேரில் கண்ட நினைவு, புத்தகத்தில் படித்த சரித்திரமில்லை. இன்றைக்கும் மதிலுக்குள்ளிருந்து நாய்கள் ஆள் பார்த்துக் குரைக்கின்றன. தமிழ் வீட்டு நாய்களும் அப்படித்தான். நாயின் வாய் வழியாக யார் பேசுகிறார்கள் என்று வீட்டுக்காரர்கள் யாரும் கேட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை. ஆள் வருவது தெரிந்தால் வாரைச் சுருட்டிப் பிடித்து, நானே ஓரத்தில் ஒதுங்கி நின்று, ‘சாவுபோனா’ என்று ஜூலுவில் வணக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பலர் பதில் சொல்லிக்கொண்டே அப்போதும் எதிர்ப்பக்கம்தான் போவார்கள். போகட்டும், அது அவர்கள் உரிமை.

ஒரு பாட்டி மட்டும் நிற்பார். கோகோ என்று கூப்பிடுகிறேன், வயசான அம்மாக்களை இங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும். மேட்டில் பாதி வழியில் அவருக்கும் ஹனிக்கும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கும், ஒரு வீட்டு மதிலோரத் திண்டில். “இவளுக்கும் முழங்காலா?” என்று கேட்டார். இடுப்பு என்றேன். தன் மருந்தின் பேரைச் சொல்லி அதைக் கொடேன் என்றார். மனுஷ வலி மாத்திரை நாய்க்கு ஆகாது, ஐபுப்ரோஃபென் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்று நான் விளக்க, “அப்போ எனக்கு மட்டும் நல்லதா?” என்று சிரித்தார். பேத்தி படிப்பு, டாக்ஸிக் கட்டணம், குவாரி ரோட்டில் வெள்ளத்தில் வீடு போன தங்கை என்று எல்லாக் கதையும் அந்தத் திண்டில்தான் கேட்டேன். புரூனோ பக்கம் இன்றுவரை கை நீட்டியதில்லை.

குரங்குகளைச் சொல்லாமல் ரிசர்வாயர் ஹில்ஸ் கதை முடியாது. வெர்வெட் குரங்குகள், கறுத்த முகம், பழுப்புச் சாம்பல் உடம்பு. இளவட்ட நாய்கள் துரத்திப்போய்க் கடிபட்டுத் தையல் போடுவது இங்கே சாதாரணம். இவர்கள் இருவருக்கும் அந்த ஆபத்து இல்லை. குரங்குகளுக்கு யார் எழுந்து வருவார், யார் வரமாட்டார் என்று நாய்வாரியாகத் தெரியும். ஹனியின் தட்டில் தாய்க்குரங்கு கைவிட்டுத் தின்றுகொண்டிருக்க, இவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். லாப்ரடார் குலத்துக்கே இழுக்கு.

உண்ணிதான் சிரிப்புக்கில்லாத விஷயம். இங்கே பிலியரி என்பார்கள். உண்ணி வழியாக வரும் பபேசியா கிருமி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், தென்னாப்பிரிக்காவில் இருக்கும் வகை நாயைச் சில நாட்களில் கொன்றுவிடக்கூடியது. மாத்திரை தவறாமல் கொடுத்தும் போன வருஷம் ஹனிக்கு வந்தது. காலையில் தட்டை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். லாப்ரடார் சோறு வேண்டாம் என்றால் அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்திருந்தது. மத்தியானத்துக்குள் ஊசி போட்டாயிற்று, பிழைத்துக்கொண்டாள். தினமும் குளிப்பாட்டுகிற மாதிரி விரலால் காதடி, விரலிடுக்கு, வாலடி எல்லாம் தடவிப் பார்ப்பது அதற்குப் பிறகு என் சாயங்கால வேலை. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

கடலுக்குக் கூட்டிப்போக ஆசைதான். குளிக்கும் கடற்கரைகளில் நாயை விடமாட்டார்கள், பலகை பார்த்துத்தான் இறக்க வேண்டும். வடகிழக்குக் காற்றடித்தால் புளூபாட்டில் என்னும் நீலச் சொறிமுட்டை கரையொதுங்கும், செத்துக் கிடந்தாலும் கொட்டும். புரூனோவுக்கு எல்லாமே தின்பண்டம். அதனால் இந்த ஜூலையில் மிட்லண்ட்ஸுக்குப் போனோம். டிராகன்ஸ்பெர்க் மலைக் காப்பகங்களுக்குள் நாய்க்கு அனுமதியில்லை. அடிவாரத்துக்கு வரும் வழியில், நாட்டிங்ஹாம் ரோடு பக்கம் ஒரு பண்ணையில் குடில், முன்னால் சின்ன அணை. விடியக் காலை புல்லெல்லாம் உறைபனி, திருநெல்வேலிக்காரிக்கு அதுவே சாகசம். காருக்குப் பின்னால் சாய்வுப்பலகை வைத்து இருவரையும் இறக்கினோம்.

தண்ணீரைப் பார்த்ததும் புரூனோ நின்றான். இந்தச் சாதியின் முன்னோர் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு ஐஸ்தண்ணீரில் வலை இழுத்தவர்கள். விரல்களுக்கிடையில் சவ்வு, தண்ணீர் இறங்காத இரட்டை மயிர், துடுப்பாய் ஒரு வால். தரையில் பின்னங்கால் இழுபடுகிற கிழவன், நாங்கள் மறிக்கும் முன் உள்ளே போய்விட்டான். தண்ணீரில் எடை இல்லை, வலியும் இல்லை. வாத்துகளை நோக்கி நேராக நீந்தினான், அவை சலிப்போடு பத்தடி தள்ளிப்போயின, இவன் வளைந்து திரும்பினான். இளம் வயதில் எப்படி இருந்திருப்பான் என்பதை நான் பார்த்தது அப்போதுதான். ஹனி கரையில் முழங்காலளவில் நின்று குரைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவன் வால் எழவில்லை. அடியில் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டு, மீதி அப்படியே தொங்கியது. தொட்டால் வலி. முறிந்துவிட்டது என்று கணவர் காரைக் கிளப்பிவிட்டார். மருத்துவருக்குப் போன் போட்டால் அவர் சிரிக்கிறார். குளிர்ந்த தண்ணீரில் நீந்திய லாப்ரடார்களுக்கு வாலடித் தசை பிடித்துக்கொள்ளுமாம். வெதுவெதுப்பாக வை, ஓய்வு கொடு, சில நாளில் தானே சரியாகும் என்றார். ஆனது. சந்தோஷத்தைக் காட்ட வாலில்லாத அந்த நாட்களில் முழு உடம்பையும் ஆட்டினான்.

புரட்டாசி வந்தால் இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் மாசம் முழுக்க மாமிசம் கிடையாது, நம் ஊரைவிடக் கண்டிப்பு. தீனி மூட்டையில் கோழி இருக்கிறது என்பதால் ஆன்ட்டி காலத்தில் அது கராஜுக்குப் போய்விடும், நாய்களும் அங்கே போய்த் தின்றுவிட்டு வர வேண்டும். இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். பிறகு தீபாவளி. இரவெல்லாம் வெடி, போன வருஷங்களில் ஹனி குளியலறையில் நடுங்கிக் கிடப்பாள். இந்த முறை சோபாவில் மல்லாந்து தூங்கினாள். காது போய்விட்டது. புரூனோவுக்கும் பாதிதான் கேட்கிறது.

ஆன்ட்டி பெர்த்திலிருந்து வீடியோவில் கூப்பிடுவார். ‘வா’ என்று கத்துவார், இவர்கள் திரும்பமாட்டார்கள். கையால் வா என்று காட்டினால் வருவார்கள் என்று நான் சொல்லித் தந்திருக்கிறேன். நேற்று அவர் திரைக்குள்ளிருந்து கையை ஆட்ட, புரூனோ எழுந்துபோய்ப் போனை நக்கிவிட்டு, முகத்தைக் கூடப் பார்க்காமல் பின்னால் இருந்த முறுக்கு டப்பாவுக்குப் போனான். “ஒண்ணு குடேன், மா, தீபாவளிதானே” என்றார். அரை முறுக்கு கொடுத்தேன். மருத்துவருக்குத் தெரிய வேண்டாம்.