பழைய பென்ஸை நான் விடுவதாக இல்லை
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் "இன்னுமா இதை ஓட்டுறீங்க அண்ணே?" என்று கேட்காத ஆள் குறைவு. என்னுடையது 1982 மெர்சிடிஸ் 240டி. 1976இல் வந்த டபிள்யூ123 வரிசை, சுமார் 2.7 மில்லியன் கார்கள் செய்தார்கள். உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் பானெட். செங்குத்தாக, 90 டிகிரிக்கு நிமிர்த்தி நிறுத்தலாம். பழுது பார்ப்பவனை மனதில் வைத்து வரைந்த வண்டி! டீசல் பம்ப் முழுக்க இயந்திர முறை; இன்ஜின் ஒருமுறை கிளம்பிவிட்டால் தொடர்ந்து ஓட மின்சாரமே வேண்டாம். கிளப்பும் முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் குளோ பிளக் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும், சரி, காத்திருக்கலாம். வேகமும் குறைவுதான்.

ஆனால் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் பின்னால் உட்கார்ந்து வரும் அம்மாவுக்குக் குழிகளே தெரிவதில்லை. புது கார் வாங்கச் சொல்லும் மகனிடம், அடுத்த மாதம் இதற்கு அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.