வேலூர்க்காரனும் ஒரு ‘நே’யும்

டோக்கியோவின் நிஷிகசாயில் எனக்கு அது முதல் கோடை. எரிக்கக்கூடிய குப்பையை வாரம் இரண்டு நாள், காலை 8 மணிக்குள் தெருமுனையில் வைத்து, காக்கை கிளறாதபடி வலையை இழுத்து மூட வேண்டும். அன்று நான் பையும் கையுமாகப் போனபோது எதிர்வீட்டுப் பாட்டி வலையைத் தூக்கிப் பிடித்திருந்தார். கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டே, "அட்சுய் தெஸ் நே" என்றார். வெயில் கொளுத்துகிறது, இல்லையா?

நான் மூன்று மாதமாக ஜப்பானிய வகுப்புக்குப் போகிறவன். ‘சூடு’ என்பதைச் ‘சூடில்லை’ என்று மாற்றும் பாடம் முந்தைய வாரம்தான் முடிந்திருந்தது. வலிய வந்த வாய்ப்பை விடலாமா? "ஈயே, அட்சுகு நாய் தெஸ்!" என்றேன். இல்லை, வெயிலே இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் ஊர் வேலூர், அங்கே கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும், இது வெறும் 35 என்று தெரிந்த எண்களையெல்லாம் இறக்கினேன். (35 டிகிரியைத் தொட்டாலே அந்த நாளை ‘மோஷோபி’, கடும் வெப்ப நாள், என்று 2007 முதல் இங்கே வானிலைத் துறையே அழைக்கிறது.) இவ்வளவையும் சொல்லும்போது என் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. வேலூரில் இந்தப் புழுக்கம் கிடையாது.

"ஆ... ஸோ தெஸ் கா" என்றார் பாட்டி. அப்படியா. வலையை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அலுவலகத்தில் இதைச் சொன்னதும் பக்கத்து மேசைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அவர் உங்களிடம் வெப்பநிலையா கேட்டார்? அந்த ‘நே’ வந்தால் ‘ஸோ தெஸ் நே’, ஆமாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதானே!" அவர் சொன்னதும் சரிதான். பஸ் நிறுத்தத்தில் "என்ன, ஊருக்கா?" என்று கேட்பவரிடம் நாம் டிக்கெட்டை எடுத்துக் காட்டுகிறோமா என்ன?

அன்று முதல் லிஃப்டிலும் கடையிலும் யார் எந்த வானிலையைச் சொன்னாலும் ஒப்புக்கொண்டேன். ஒரே நாளில் மழையையும் வெயிலையும் ஆமோதித்திருக்கிறேன்.

அடுத்த வாரம் குப்பைப் பையோடு போய், பாட்டி வாயைத் திறக்கும் முன்பே முந்திக்கொண்டேன். "அட்சுய் தெஸ் நே!" ‘நே’யை நன்றாகவே இழுத்தேன்.

பாட்டி வலையைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தைக் கவலையோடு உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்கே வெயில் தெரிகிறதா? காய்ச்சலாக இருக்குமோ?"