வாவிக்கரை உள்ளான்கள்: பவளக்காலியைப் பிரித்தறிதல்

இந்தப் பருவத்தில் மட்டக்களப்பு வாவிக்கரையில் பவளக்காலியை (Redshank, சேற்றில் இரை தேடும் உள்ளான் இனக் கரைப்பறவை) மற்ற உள்ளான்களிலிருந்து பிரித்தறியப் பார்த்ததில், முதலில் கைவிட வேண்டியதாகப் போன அடையாளம் கால் நிறம்தான். பவளக்காலியின் காலில் சேறு அப்பியிருக்கும். இளசுக்கு அது மஞ்சள் கலந்த செம்மஞ்சள். எதிர்வெயிலில் எல்லாக் காலும் கறுப்பு. போதாததற்கு நெடுங்கால் உள்ளானின் காலும் சிவப்பு. அதன் அலகோ முழுக்கக் கறுப்பு. பவளக்காலிக்கு அலகின் அடி சிவந்து நுனி மட்டும் கறுத்திருக்கும்.

வெயிலை முதுகில் வாங்கினால் பாதிக் குழப்பம் தீரும். காலையில் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும், பின்னேரம் மேற்குக் கரையான படுவான்கரைக்கு மாற வேண்டும். 8×42 பைனாகுலர் போதும்.

உறுதியான அடையாளம் பறக்கும்போதுதான் தெரியும். சிறகின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டி, முதுகில் ஆப்பு வடிவ வெள்ளை: இரண்டும் சேர்ந்திருந்தால் பவளக்காலி. பச்சைக்காலிக்கும் சதுப்பு மண்கொத்திக்கும் முதுகில் வெள்ளை உண்டு, சிறகில் பட்டி இல்லை. அவை இரண்டில் பச்சைக்காலி பெரிது, அலகு அடியில் தடித்துச் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். சதுப்பு மண்கொத்தியின் அலகு ஊசிபோல் நேர்; பறக்கையில் பாதம் வாலைத் தாண்டி நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும்.

படம் எடுப்பதானால் ஷட்டர் வேகம் 1/2000 விநாடிக்குக் குறையக்கூடாது. கருஞ்சேற்றுப் பின்னணியில் கமெரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அப்போது சிறகுப் பட்டி வெளிறி, பார்க்க வேண்டியதே அழிந்துபோகும். கமெராவில் ஒளியளவை முக்கால் ஸ்டொப் (ஒளியளவின் படி) அளவுக்குக் குறைத்து வைப்பது நல்லது.

நேரே நடந்து கிட்டப் போவது வீண். பவளக்காலிதான் கூட்டத்தின் காவல்காரன். தலையையும் உடலையும் மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால் அங்கேயே குந்திவிட வேண்டும். இன்னும் ஓரடி வைத்தால் 'ட்யூ-யு-யு' என்று கத்திக்கொண்டு எழும்பும், மற்றதுகளும் கூடவே போய்விடும். இரை தேடும்போது அது நடந்து நடந்து சேற்றைக் கொத்தும். ஆழமில்லாத தண்ணீரில் மீன்குஞ்சை விரட்டி ஓடுவது பெரும்பாலும் பச்சைக்காலி.

இங்கே வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைக்கூடத் தொடாது, அதனால் கடலின் வற்றுப்பெருக்கு நேர அட்டவணை பெரிதாக உதவாது. மழையும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரமும்தான் கணக்கு. மாரி வெள்ளம் நிற்கும்வரை சேற்றுத்திட்டுகள் மூழ்கியிருக்கும். முகத்துவாரத்தை அடைத்த மணல் வெட்டுப்பட்டு நீர் இறங்கிய பிறகே கரையில் உள்ளான் கூடும். அதுவரை வயலில் பார்க்கலாம். அங்கே அதிகம் அகப்படுவது பொரி உள்ளான்: முதுகில் ஆப்பு இல்லை, வாலடியில் மட்டும் சதுரமாய் வெள்ளை.