கட்டைவிரல் கணக்கு

மார்ச் 4
நள்ளிரவில் வலது கை மரத்துப்போய் விழித்துக்கொண்டேன். தொடர்ந்து மூன்றாவது இரவு. உதறினால் சரியாகிவிடுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் எறும்பு ஊர்கிறது. சுண்டுவிரலுக்கு இதில் சம்பந்தமே இல்லை.

மார்ச் 9
கார்பல் டன்னல் என்று சந்தேகிக்கிறார் மருத்துவர். மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை; ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. சுண்டுவிரலுக்கு நரம்பு வேறு வழியில் வருகிறது. அதுதான் அதன் நிம்மதிக்குக் காரணம்.

மார்ச் 12
இன்று பிசியோதெரபிஸ்ட் கை வலுவை அளந்தார். முதலில் கைப்பிடி: வலது 31 கிலோ, இடது 30. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் அசையவில்லை. பிடிப்புக்கு முன்கைத் தசைகள் முட்டுக்கொடுத்துவிடும், அவற்றுக்கான நரம்புக் கிளைகள் மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகின்றன என்றார்.

பிறகு உள்ளங்கையை மேலே பார்க்க மேசையில் வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கி நிமிர்த்தச் சொன்னார். அந்த வேலையைப் பெரும்பாலும் கட்டைவிரல் மேட்டிலுள்ள ஒரு சிறு தசைதான் செய்கிறது; அதற்கு உத்தரவு வருவது மீடியன் நரம்பு வழியாக. வலு அளக்கும் சிறிய கருவியான டைனமோமீட்டரை விரல்மேல் வைத்து அழுத்தினார். முதல் தடவை என் விரல் நைசாகப் பக்கவாட்டில் நழுவியது. “அது வேறு தசை, கணக்கில் வராது” என்று பிடித்துவிட்டார்! மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்: இடது 5.9, வலது 3.7.

மார்ச் 13
இரண்டு உள்ளங்கைகளையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். வலது மேடு சற்றே வற்றியிருக்கிறது. இத்தனை நாள் கண்ணில் படவில்லையே.

மார்ச் 20
நரம்புக் கடத்தல் சோதனையிலும் உறுதியாகிவிட்டது. இரவில் மணிக்கட்டை நேராக வைக்க ஒரு பட்டை.

மார்ச் 22
மைத்துனருக்கும் இரவில் விரல் மரக்கிறதாம். என்னைத் தன் கட்டைவிரலை அழுத்திப் பார்க்கச் சொன்னார், இரும்புபோல் நின்றது. “எனக்கு ஒன்றுமில்லை” என்று முடிவே கட்டிவிட்டார். உணர்ச்சிதான் பெரும்பாலும் முதலில் கெடும், வலு பின்னால்தான் குறையும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற ஆளா அவர்!

ஏப்ரல் 24
அதே கருவி, அதே மேசை, அதே பிசியோதெரபிஸ்ட். வலது 3.9. 0.2 ஏறியதாக நான் மகிழ, அளவீட்டிலேயே அவ்வளவு முன்பின் இருக்கும் என்றார். தூக்கம் மட்டும் வருகிறது. தசை வற்றத் தொடங்கிவிட்டதால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச அடுத்த வாரம் போகிறேன்.